வெறும் ‘சூடோமோனாஸ்’ என்று எழுதித் தட்டை மூடாதீர்கள்: டெல்டா ஆய்வகங்களில் மெலியாய்டோசிஸ்

ஐப்பசி அடைமழை பிடித்து, சம்பாவும் தாளடியும் தண்ணீரில் நிற்கும் நாட்களில் டெல்டா மருத்துவமனைகளின் காய்ச்சல் வார்டு நிரம்பிவிடும். டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் என்று வரிசையாகச் சோதனை போகும். அந்தக் கூட்டத்தில் ஒரு சிலர் மட்டும் தனியாகத் தெரிவார்கள். நாற்பது, ஐம்பது வயது, பல வருடச் சர்க்கரை, வயல் வேலை, பத்து நாளாகக் காய்ச்சல், நெஞ்சில் சளி அல்லது கல்லீரலில் கட்டி. செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஐந்து நாள் போயிருக்கும். ஜுரம் இறங்கியிருக்காது. இரத்தக் கல்ச்சரில் (மாதிரியை ஊடகத்தில் வைத்துக் கிருமியை வளர்க்கும் சோதனையில்) கிராம் சாயத்துக்கு நெகட்டிவான குச்சிக் கிருமி ஒன்று வளரும், ஆக்சிடேஸ் என்ற நொதிச் சோதனை பாசிட்டிவ் வரும், லாக்டோஸைப் புளிக்க வைக்காது. ரிப்போர்ட்டில் ‘சூடோமோனாஸ் இனம்’ என்று போய்விடும். அந்த இரண்டு சொல்லில் நோயாளியின் உயிர் தவறிப்போக வாய்ப்பு உண்டு. அந்தக் கிருமி, மெலியாய்டோசிஸ் நோயைத் தரும் பர்கோல்டேரியா சூடோமாலியை ஆக இருந்தால் மருந்து வேறு, நாள் கணக்கு வேறு, ஆய்வகத்தில் அதைக் கையாளும் விதமும் வேறு.

மெலியாய்டோசிஸ் புது நோய் அல்ல. 1911-இல் இரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர், சி.எஸ். கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள் பிரேதப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடித்து, 1912-இல் எழுதினார்கள். கிருமி மண்ணில் வாழ்வது. தண்ணீர் தேங்கும் நெல்வயல் அதற்கு நல்ல வீடு. மழையும் தண்ணீரும் ஏறும்போது அடிமண்ணிலிருந்து மேலே வருகிறது. காலில் உள்ள வெடிப்பு வழியாகவோ, மூச்சு வழியாகவோ, சுத்திகரிக்காத தண்ணீர் வழியாகவோ உடலுக்குள் போகிறது. உலகளவில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இந்த நோய் வருவதாகவும், அதில் 89,000 பேர் இறப்பதாகவும் 2016-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. வேலூர், புதுச்சேரி, மணிப்பால், மங்களூர் மருத்துவக் கல்லூரிகள் பல வருடங்களாக இதைக் கண்டுபிடித்துப் பதிவு செய்துவருகின்றன. தேடுகிற ஆய்வகத்தில் கிடைக்கிறது. களிமண்ணும் தேங்கிய தண்ணீரும் வெறுங்காலும் சர்க்கரை நோயும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்தில் தேடாமல் இருக்க எந்த நியாயமும் இல்லை.

தேடல், சோதனை கேட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் ரெக்விசிஷன் படிவத்திலேயே தொடங்க வேண்டும். படிவத்தில் பெரும்பாலும் வயது, பால், ‘காய்ச்சல்’ இவ்வளவுதான் இருக்கும். தொழில் என்ற இடத்தில் பெண்கள் என்றால் ‘வீட்டு வேலை’ என்று எழுதப்பட்டிருக்கும். நேரில் கேட்டால் கதை வேறு.

“அம்மா, என்ன வேலை பாக்குறீங்க?”

“வீட்லதான்யா இருக்கேன்.”

“இந்த வருஷம் நடவுக்குப் போனீங்களா?”

“நடவுக்கும் போனேன், களைக்கும் போனேன். கால்ல சேத்துப்புண்ணு வந்து இன்னும் ஆறல.”

இரண்டாவது கேள்விதான் நோயைப் பிடிக்கிறது. ‘என்ன தொழில்’ என்று கேட்காமல், ‘போன ஒரு மாதத்தில் சேற்றில் இறங்கினீர்களா, காலில் புண் இருக்கிறதா, சுகர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்க வேண்டும். சேற்றுப்புண் இருக்கிறது என்ற ஒரு வரியைப் படிவத்தில் எழுதி அனுப்பினால் ஆய்வகத்தில் தட்டை வைத்திருக்கும் நாட்களே மாறும். கிருமி உள்ளே போன பிறகு நோய் வெளிப்பட ஒன்று முதல் இருபத்தொரு நாள் ஆகும். சிலருக்குப் பல வருடங்கள் உறங்கிக் கிடந்து, சர்க்கரை ஏறும்போது வெளியே வரும். அதனால் ‘இப்போது வயலுக்குப் போகவில்லை’ என்ற பதில் சந்தேகத்தைத் தீர்த்துவிடாது. வயலை விட்டுத் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போனவர்களும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

மாதிரி எடுப்பதில் ஒரே விதி: ஒன்றோடு நிறுத்தக் கூடாது. இந்த நோயில் கல்ச்சர் ஒரு தடவை எடுத்தால் பிடிபடுவது சுமார் 60 சதவீதம்தான். ஆகவே இரத்தம் இரண்டு செட், ஒவ்வொரு பாட்டிலுக்கும் பெரியவர்களுக்கு 8 முதல் 10 மில்லி, ஆண்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பு. அதோடு சளி, சிறுநீர், தொண்டை ஸ்வாப், எங்கே சீழ் இருக்கிறதோ அங்கிருந்து சீழ். சளியே வராத நோயாளிக்கும் தொண்டை ஸ்வாப் எடுங்கள். தொண்டையில் இந்தக் கிருமி சும்மா குடியிருப்பது கிடையாது, கிடைத்தால் அது நோய்தான். சிறுநீரைச் சென்ட்ரிஃபியூஜ் செய்து அடியில் தங்கியதைப் போட வேண்டும். சீழை ஸ்வாப்பில் தொட்டு அனுப்பாமல், சிரிஞ்சில் உறிஞ்சி மூடியுள்ள ஸ்டெரைல் டப்பாவில் அனுப்புங்கள். எதையும் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், அறை வெப்பமே போதும். இரண்டு மில்லி இரத்தத்தைப் பாட்டிலில் போட்டு அனுப்பிவிட்டு ‘கல்ச்சர் நெகட்டிவ்’ என்று நம்பி உட்காருவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

கிராம் சாயம் போடும்போது சீழ் ஸ்மியரை மெல்லியதாகத் தடவ வேண்டும். தடியான ஸ்மியரில் நிறம் சரியாக வெளுக்காது, நெகட்டிவ் கிருமி ஊதாவாகவே நின்று பாசிட்டிவ் மாதிரி ஏமாற்றும். தீயில் காட்டி நிலைநிறுத்துவதை விட மெத்தனால் ஊற்றி இரண்டு நிமிடம் விடுவது நல்லது, உருவம் கெடாது. கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், அசிட்டோன் என்றால் இரண்டு மூன்று விநாடி, ஆல்கஹால் என்றால் வடியும் நீரில் ஊதா நிற்கும் வரை, பிறகு சாஃப்ரனின் அரை நிமிடம். ஆயில் இம்மர்ஷனில் பார்க்கும்போது குச்சியின் இரண்டு முனையும் சிவந்து, நடு மட்டும் வெளுத்திருக்கும். புடவைக்குக் குத்தும் ஊக்கை மூடி வைத்துப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. சேஃப்டி பின் தோற்றம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அவசரத்தில் பார்த்தால் இரண்டு முனைகளும் இரண்டு தனி உருண்டைக் கிருமிகள் போலத் தெரிந்து, அசினிட்டோபாக்டர் என்று நினைக்க வைக்கும். மற்றக் கிருமிகளிலும் இந்தத் தோற்றம் வரும். ஆகவே இது சந்தேகத்தைக் கிளப்பும் அடையாளம் மட்டும், தீர்ப்பு அல்ல.

இனித் தட்டு, அதாவது கிருமியை வளர்க்கும் அகார் ஊடகங்கள். பிளட் அகாரில் 24 மணி நேரத்தில் பார்த்தால் குண்டூசித் தலை அளவில் வழவழப்பான வெள்ளைக் காலனிகள், பார்க்க எந்த விசேஷமும் இருக்காது. மெக்கான்கியில் நிறமில்லாமல் நிற்கும். இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான தட்டுகள் ‘நான் ஃபெர்மென்டர்’ (சர்க்கரையை நொதிக்காத கிருமி) என்று பெயர் வாங்கிக் குப்பைக்குப் போகின்றன. அதே தட்டை 48 மணி நேரம் கழித்துப் பாருங்கள். காலனி பெரிதாகி, மேல்பக்கம் உலர ஆரம்பித்திருக்கும், மெக்கான்கியில் லேசான ரோஸ் ஏறியிருக்கும். 72 மணி நேரத்தில், வெயிலில் காய்ந்த அப்பளம் போல ஓரம் சுருங்கி, நடுவில் மடிப்பு விழுந்து, சில நேரம் உலோகம் போல மினுமினுக்கும். எல்லா ஸ்ட்ரெய்னும் சுருங்காது, வழவழப்பாகவே நிற்பதும் உண்டு. ஆஷ்டவுன் அகார் இருந்தால் வேலை சுலபம். கிளிசரால், கிரிஸ்டல் வயலட், நியூட்ரல் ரெட், ஜென்டாமைசின் சேர்ந்த அந்தத் தட்டில் மற்றக் கிருமிகள் பெரும்பாலும் அடங்கிவிடும். இது மட்டும் நியூட்ரல் ரெட்டை இழுத்துக்கொண்டு ஊதாவாக, உலர்ந்து, சுருங்கி நிற்கும். சளி, தொண்டை ஸ்வாப், திறந்த புண் போன்ற கலப்பு மாதிரிகளுக்கு இது இல்லாமல் கிருமியைப் பிரிப்பது கஷ்டம். தட்டை ஏழு நாள் வரை வைத்துத் தினமும் பார்க்க வேண்டும். கோடையில் மூன்றாம் நாளே தட்டு உலர்ந்து வெடிக்கும் என்பதால் பாலிதீன் பையில் போட்டு, கூட ஈரப் பஞ்சு ஒரு துண்டு வைத்து இன்குபேட்டரில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் காலனிக்கு மண்வாசனை இருக்கும் என்று பழைய ஆய்வகப் பேச்சில் கேட்டிருப்பீர்கள். முகர்ந்து பார்க்கவே கூடாது. தட்டைத் திறந்து மூக்கருகே கொண்டுபோவது நேரடியாகக் கிருமியை மூச்சில் இழுப்பது.

ஆக்சிடேஸ் சோதனையில் தவறு நடப்பது மூன்று இடத்தில். நிக்ரோம் லூப்பில் காலனியை எடுத்தால் அதிலுள்ள இரும்பு தானாகவே நீலத்தைக் கொடுக்கும். மரப் பல்குச்சியோ பிளாஸ்டிக் லூப்போ பயன்படுத்துங்கள். மெக்கான்கித் தட்டிலிருந்து எடுத்தால் ரிசல்ட்டை நம்ப முடியாது. பிளட் அகாரிலிருந்தோ நியூட்ரியன்ட் அகாரிலிருந்தோ எடுங்கள். மூன்றாவது, நேரம். 10 விநாடிக்குள் கரு ஊதா வந்தால் பாசிட்டிவ். ஒரு நிமிடம் கழித்து வரும் நிறத்தை எண்ணக் கூடாது. ரீஏஜென்ட் பாட்டிலிலேயே நீலம் பாரித்திருந்தால் அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஒவ்வொரு நாளும் சூடோமோனாஸ் ஏருஜினோசா ஒன்றையும் ஈ.கோலை ஒன்றையும் கன்ட்ரோலாகப் போட்டுப் பாருங்கள்.

ஆக்சிடேஸ் பாசிட்டிவ், டி.எஸ்.ஐ. குழாயில் (மூன்று சர்க்கரையும் இரும்பும் சேர்ந்த ஊடகம்) அடிப்பகுதி மஞ்சளாகவில்லை, வாயு இல்லை என்றால் நொதிக்காத கிருமி என்று முடிவாகிறது. அடி மஞ்சளானால் ஏரோமோனாஸ், விப்ரியோ பக்கம் போக வேண்டும். ஆக்சிடேஸ் நெகட்டிவ் என்றால் அசினிட்டோபாக்டர், ஸ்டெனோட்ரோஃபோமோனாஸ். இந்த நாலு பேரையும் இப்படிக் கழித்துவிடலாம். மிஞ்சுவது சூடோமோனாஸும் பர்கோல்டேரியாவும்.

இந்த இரண்டையும் பிரிக்கத்தான் மூன்று டிஸ்க் (மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லை) போதும். எந்தச் சின்ன ஆய்வகத்திலும் இருக்கும் டிஸ்க்குகள். முல்லர் ஹின்டன் அகாரில் 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவில் கிருமியைப் பரப்பி, ஜென்டாமைசின் 10 மைக்ரோகிராம், கொலிஸ்டின் 10 மைக்ரோகிராம், அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 30 மைக்ரோகிராம் மூன்றையும் இடைவெளி விட்டு வையுங்கள். மறுநாள் காலையில் தட்டைப் பார்த்தால் விஷயம் கண்ணுக்கே தெரியும். ஜென்டாமைசின் டிஸ்க்கின் விளிம்பு வரை கிருமி வளர்ந்து நிற்கும். கொலிஸ்டினைச் சுற்றியும் அதே கதை, ஒரு மில்லிமீட்டர் கூட ஒதுங்காது. அமாக்சிகிளாவைச் சுற்றி மட்டும் அகலமான தெளிந்த வட்டம். ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல் அமாக்சிகிளாவுக்கு அடங்கும் ஆக்சிடேஸ் பாசிட்டிவ் குச்சிக் கிருமி என்றால், வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை அது பர்கோல்டேரியா சூடோமாலியை. சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் இது தலைகீழ்: அமாக்சிகிளாவ் வேலை செய்யாது, கொலிஸ்டினுக்கு வட்டம் வரும். பர்கோல்டேரியா செபாசியா கொலிஸ்டினுக்கு அடங்காது, ஆனால் பொதுவாக அமாக்சிகிளாவுக்கும் அடங்காது.

காரணம் தெரிந்தால் இந்தக் கோலம் மறக்காது. ஜென்டாமைசின் உள்ளே நுழைந்தாலும் அதை வெளியே இறைக்கும் எஃப்ளக்ஸ் பம்ப் இந்தக் கிருமியிடம் இருக்கிறது. கொலிஸ்டின் ஒட்டிக்கொள்ள வேண்டிய வெளிச்சவ்வுக் கொழுப்பின் மின்னூட்டம் மாறியிருப்பதால் அந்த மருந்துக்குப் பிடிமானமே கிடையாது. பென்சிலினை உடைக்கும் பீட்டா லாக்டமேஸ் இருக்கிறது, ஆனால் கிளாவுலனேட் அதை முடக்கிவிடுகிறது. மலேசியாவின் சரவாக் பகுதி ஸ்ட்ரெய்ன்களில் ஜென்டாமைசினுக்கு அடங்குவதும் உண்டு. அதனால் மற்ற எல்லாம் பொருந்தி ஜென்டாமைசின் மட்டும் வட்டம் காட்டினால் உடனே கைவிட வேண்டாம்.

கொலிஸ்டின் டிஸ்க் விஷயத்தில் குழப்பம் வரக் கூடாது. சூடோமோனாஸுக்கோ அசினிட்டோபாக்டருக்கோ கொலிஸ்டின் வேலை செய்யுமா என்று சொல்ல டிஸ்க்கை நம்பவே கூடாது, அந்த மருந்து அகாரில் சரியாகப் பரவாது. அதற்கு, மருந்தைத் திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்த்துப் பார்க்கும் பிராத் மைக்ரோடைல்யூஷன் வேண்டும். இங்கே நாம் வைப்பது கிருமியின் அடையாளத்துக்கு, சிகிச்சைக்கு அல்ல. ரிப்போர்ட்டில் கொலிஸ்டின் வரியையே போடாதீர்கள்.

தானியங்கிக் கருவி இருக்கும் இடங்களில் வேறு வகைச் சிக்கல். வைட்டெக் சில நேரம் பர்கோல்டேரியா செபாசியா என்று காட்டும். மால்டி-டாஃப் கருவியின் தரவுத்தளத்தில் சூடோமாலியை இல்லாவிட்டால் பர்கோல்டேரியா தாய்லாண்டென்சிஸ் என்று பெயர் கொடுக்கும். தாய்லாண்டென்சிஸ் மனிதருக்கு நோய் தருவது மிக அபூர்வம். சர்க்கரை நோயாளியின் இரத்தத்திலிருந்து எடுத்த கிருமிக்குக் கருவி அந்தப் பெயரைச் சொன்னால், கருவியை ஒதுக்கிவிட்டு மூன்று டிஸ்க்கைப் பாருங்கள். லேடெக்ஸ் அக்ளூட்டினேஷன் கிட் கிடைத்தால் ஐந்து நிமிட வேலை. அராபினோஸைத் தாய்லாண்டென்சிஸ் பயன்படுத்தும், சூடோமாலியை பயன்படுத்தாது. உறுதி செய்ய மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துக்கு பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம், ஆனால் அதன் பதிலுக்காக மருந்தை நிறுத்தி வைக்கக் கூடாது.

சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து அந்தத் தட்டு திறந்த மேசையில் இருக்கக் கூடாது. கிளாஸ் 2 பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் (காற்றை வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டி) மட்டும் திறக்க வேண்டும், தட்டின் மூடியை டேப் போட்டு ஒட்ட வேண்டும். காட்டலேஸ் குமிழி, வோர்டெக்ஸ், லூப்பைத் தீயில் சீறவைப்பது எல்லாம் காற்றில் துளிகளைக் கிளப்பும் வேலைகள். சென்ட்ரிஃபியூஜ் என்றால் மூடிய ரோட்டர். தெரியாமல் திறந்த மேசையில் கையாண்டிருந்தால் யார் யார் அருகில் இருந்தார்கள், அவர்களில் சுகர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் யார் என்று அன்றே எழுதி வையுங்கள். ஆபத்து அதிகம் என்று கணித்தவர்களுக்குக் கோட்ரைமாக்சசோல் (ட்ரைமெத்தோபிரிமும் சல்ஃபாவும் சேர்ந்த மருந்து) 21 நாள் தரப்படுகிறது. அதோடு தினமும் இரண்டு வேளை ஜுரம் பார்த்துக் குறித்துவர வேண்டும். பயப்படத் தேவையில்லை. முறையோடு நடந்தால் சாதாரண ஆய்வகத்திலும் இதைப் பாதுகாப்பாகக் கண்டுபிடிக்க முடிகிறது.

எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கும் சென்சிட்டிவிட்டியில் ஒரு பெரிய பள்ளம் கோட்ரைமாக்சசோல் டிஸ்க். வட்டத்துக்குள் மெல்லிய பனி மூட்டம் போல வளர்ச்சி நிற்கும். அதை வளர்ச்சி என்று எண்ணி ‘ரெசிஸ்டன்ட்’ என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் 80 சதவீத வளர்ச்சி அடங்கும் இடத்தைத்தான் விளிம்பாக எடுக்க வேண்டும். டிஸ்க்கில் ரெசிஸ்டன்ட் என்று வந்தால் ஈ-டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டு எம்.ஐ.சி. (கிருமியை அடக்கப் போதுமான குறைந்தபட்ச மருந்தளவு) பார்க்காமல் ரிப்போர்ட் விடக் கூடாது. ட்ரைமெத்தோபிரிம் 2, சல்ஃபா 38 வரை அடங்கினால் சென்சிட்டிவ். செஃப்டசிடிமுக்கு எம்.ஐ.சி. 8 வரை சென்சிட்டிவ். ஒரு தவறான ‘ஆர்’ எழுத்தால், மூன்று மாதம் தரவேண்டிய நல்ல மாத்திரையை நோயாளி இழந்து, அதைவிட மோசமான மருந்துக்குப் போகிறார். உண்மையான கோட்ரைமாக்சசோல் எதிர்ப்பு இந்தக் கிருமியில் அவ்வளவு சாதாரணம் அல்ல. செஃப்ட்ரியாக்சோன் டிஸ்க்கில் வட்டம் வந்தாலும் ‘எஸ்’ என்று போடாதீர்கள். குழாயில் அடங்குவது போலத் தெரிந்தாலும் நோயாளியிடம் செஃப்டசிடிம் அளவுக்கு உயிரைக் காப்பதில்லை.

மூன்று டிஸ்க் கோலம் தெரிந்த அன்றே வார்டுக்குப் போன் போட வேண்டும். ‘மெலியாய்டோசிஸ் சந்தேகம். ஜென்டாமைசின், அமிகாசின், செஃப்ட்ரியாக்சோன் உதவாது. செஃப்டசிடிம் அல்லது மெரோபெனம் தொடங்கலாம். உறுதி பின்னால் வரும்’ என்று நான்கு வரி. ரிப்போர்ட் தாளிலும் அதே நான்கு வரி. சின்னக் கிளினிக்கிலிருந்து வந்த மாதிரி என்றால் அந்த மருத்துவரையே கூப்பிட்டுச் சொல்லுங்கள், நோயாளியின் உறவினர் கையில் கவரைக் கொடுத்து அனுப்பி நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

சிகிச்சை இரண்டு கட்டம். முதல் கட்டம் நரம்பு வழி ஊசி, குறைந்தது 14 நாள். செஃப்டசிடிம் பெரியவர்களுக்கு 2 கிராம், 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. 1 கிராம் வயலாகக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு வயல், 14 நாளைக்கு 84 முதல் 112. இந்தக் கணக்கை முதல் நாளே குடும்பத்திடமும் மருந்தகத்திடமும் சொல்லிவிடுவது நல்லது. நடுவில் ஸ்டாக் இல்லை என்று மூன்று நாள் விட்டுப்போவதுதான் சிகிச்சை கெடும் வழி. 1989-இல் தாய்லாந்தின் உபோன் ராட்சதானியிலிருந்து வெளியான ஆய்வில், செஃப்டசிடிம் கொடுத்தவர்களின் இறப்பு பழைய மருந்துகளோடு ஒப்பிட்டால் பாதியாகக் குறைந்தது. அதன் பிறகு இதுவே அடிப்படை மருந்தாகிவிட்டது. செப்டிக் ஷாக், ஐ.சி.யூ. என்றால் மெரோபெனம் 1 கிராம் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. மூளைக்குப் போயிருந்தால் 2 கிராம். சிறுநீரகம் கெட்டிருந்தால் இந்த அளவுகளைக் குறைக்க வேண்டும், ஆனால் முதல் டோஸைக் குறைக்க வேண்டியதில்லை.

14 நாள் என்பது குறைந்தபட்சம். கல்லீரல், மண்ணீரல், புராஸ்டேட்டில் ஆழமான சீழ்க்கட்டி இருந்தால் நான்கு வாரம், எலும்பில் என்றால் ஆறு வாரம், மூளையில் என்றால் எட்டு வாரம். நாள் எண்ணுவது ஊசி தொடங்கிய தேதியிலிருந்து அல்ல. கடைசியாகச் சீழ் வடித்து அதில் கிருமி வளர்ந்த தேதியிலிருந்து. இதைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். மூளை, எலும்பு, மூட்டு, தோல், புராஸ்டேட் நோய்களில் ஊசியோடு கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் முதலிலிருந்தே சேர்ப்பார்கள்.

எல்லா நோயாளிக்கும் வயிற்று ஸ்கேன் கட்டாயம், வயிறு வலிக்கவில்லை என்றாலும். கல்லீரல் கட்டி உள்ளே தேனடை மாதிரி பல அறைகளாகப் பிரிந்திருக்கும். ஒரு அறையில் ஊசி போட்டு வடித்துவிட்டு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. மண்ணீரலில் பொடிப்பொடியாக இருப்பவை மருந்திலேயே வற்றும். ஆண்களுக்கு புராஸ்டேட்டைத் தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீர் அடைப்பும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அங்கே பெரிய கட்டி இருக்க வாய்ப்பு அதிகம், அதை வடிக்காமல் காய்ச்சல் நிற்காது.

சரியான மருந்து போயும் காய்ச்சல் தொடர்வது இந்த நோயில் இயல்பு. பாதிப் பேருக்குக் காய்ச்சல் இறங்க ஒன்பது நாள் வரை ஆகிறது. நான்காம் நாளில் பதறிப்போய் மருந்தை மாற்றுவது வேண்டாத வேலை. இரத்த அழுத்தம் இறங்குகிறதா, மூச்சு மோசமாகிறதா, புதுக் கட்டி வருகிறதா, ஒரு வாரம் கழித்து எடுத்த இரத்தக் கல்ச்சர் இன்னும் பாசிட்டிவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை கல்ச்சர், நெகட்டிவ் ஆகும் வரை.

நெஞ்சு எக்ஸ்ரேயில் மேல்பக்கம் குழி விழுந்து, எடை குறைந்து, இருமலோடு வருபவருக்கு டிபி மருந்து தொடங்கிவிடுவது இன்னொரு பழக்கமான தவறு. சளியில் டிபி கிருமி தெரியவில்லை, சுகர் அதிகம், வயல் வேலை என்றால் அதே சளியைக் கல்ச்சருக்கும் போடுங்கள். கூடுதலாக ஒரு தட்டுதான் செலவு.

ஊசிக் கட்டம் முடிந்ததும் நோயாளிக்கு உடம்பு தேறி, பசி வந்து, வீட்டுக்குப் போகத் துடிப்பார். ஆனால் கிருமி நம் வெள்ளணுக்களுக்குள்ளேயே ஒளிந்து உயிரோடு இருக்கும். அதை வேரறுக்க இரண்டாம் கட்டம், கோட்ரைமாக்சசோல் குறைந்தது 12 வாரம், எலும்பு, மூளை நோய்க்கு ஆறு மாதம். டி.எஸ். (இரட்டை வலிமை) மாத்திரையில் 160/800 மி.கி. இருக்கும். எடை 60 கிலோவுக்கு மேல் என்றால் காலை இரண்டு, இரவு இரண்டு. 40 முதல் 60 கிலோ என்றால் ஒன்றரை, ஒன்றரை. 40-க்குக் கீழே ஒன்று, ஒன்று. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுப்பது போல எல்லாருக்கும் ஒன்று, ஒன்று என்று எழுதிவிட்டால் அறுபது கிலோவுக்கு மேற்பட்ட ஆளுக்குப் பாதி மருந்துதான் போகிறது. நோய் திரும்புவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை. அறுபது கிலோவுக்கு மேற்பட்டவருக்கு 12 வாரத்துக்கு 336 மாத்திரை. ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. தினமும் கூடவே. டாக்சிசைக்ளின் சேர்த்தால் கூடுதல் பலன் இல்லை என்று 2014-இல் வெளியான தாய்லாந்து ஆய்வு காட்டிவிட்டதால் இப்போது ஒரே மருந்து போதும் என்கிறார்கள்.

இந்த மாத்திரையோடு கவனிக்க வேண்டியவை நம் நோயாளிகளிடம் அதிகம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடுபவருக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகும். எனாலாபிரில், லோசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவருக்குப் பொட்டாசியம் ஏறும். இளநீரும் வாழைப்பழமும் தாராளமாகச் சாப்பிடும் ஊரில் இதைச் சொல்லி அனுப்பாமல் இருக்கக் கூடாது. தொடங்கி முதல் வாரம், இரண்டாம் வாரம், பிறகு மாதம் ஒரு முறை என்று இரத்த அணுக்கள், கிரியேட்டினின், பொட்டாசியம் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் லேசாக ஏறுவது மட்டும் மருந்தை நிறுத்தக் காரணம் அல்ல. தோலில் தடிப்போ, வாய்ப்புண்ணோ, கண் சிவப்போ வந்தால் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வர வேண்டும், அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு இருக்கிறதா என்று தொடங்கும் முன் கேளுங்கள்.

சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி. இரு வேளை. கர்ப்பிணிகளுக்கு, சிறு பிள்ளைகளுக்கு அமாக்சிகிளாவ். இதில் மாத்திரையின் விகிதம் முக்கியம்: நமக்கு வேண்டியது நான்குக்கு ஒன்று. 625 மி.கி. மாத்திரையில் அந்த விகிதம் சரியாக இருக்கிறது. 60 கிலோவுக்குக் கீழே இரண்டு மாத்திரை, மேலே மூன்று மாத்திரை, 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. 1 கிராம் மாத்திரையில் கிளாவுலனேட் போதாது, அதை மாற்றிக் கொடுக்க வேண்டாம் என்று மருந்துக்கடைக்கு எழுதியே அனுப்புங்கள். இந்த மருந்தில் நோய் திரும்பும் வாய்ப்பு கோட்ரைமாக்சசோலை விட அதிகம், ஆகவே வேறு வழியில்லாதபோது மட்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது காலைப் பற்றிப் பேச வேண்டும். கம் பூட்ஸ் போடுங்கள் என்று புத்தகம் சொல்கிறது. முழங்கால் ஆழச் சேற்றில் நடவு நடும் பெண்ணுக்கு அது நடக்காத காரியம், முதல் அடியிலேயே பூட்ஸ் சேற்றோடு போய்விடும். உரம் போடும்போதும், மருந்து அடிக்கும்போதும், தண்ணீர் கட்டும்போதும், வரப்பில் நடக்கும்போதும் போடலாம். நடவில் நடக்கக் கூடியது வேறு: வெடிப்பையும் சேற்றுப்புண்ணையும் முதலில் ஆற்றுவது, ஆறும் வரை சுகர் உள்ளவர் சேற்றில் இறங்காமல் இருப்பது, கரையேறியதும் போர்செட் தண்ணீரில் அலசிவிட்டு விடாமல் சோப்பு போட்டு விரல் இடுக்கு வரை தேய்த்துக் கழுவித் துடைப்பது. மாத்திரை முடியும் வரை வயலுக்குப் போகவே வேண்டாம் என்று சொல்லுங்கள், சர்க்கரையை இறக்குவதும் அதே அளவு முக்கியம். குடிதண்ணீர் காய்ச்சிக் குடிக்கட்டும்.

மாத்திரை முடிந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துக் காய்ச்சலோடு திரும்பி வந்தால், ஊசி போடுவதற்கு முன்பே இரத்தம் எடுத்து, படிவத்தின் மேல் ‘பழைய மெலியாய்டோசிஸ், தட்டை ஏழு நாள் வைக்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதி அனுப்புங்கள்.